செவ்வாய்க்கு நான்கு கண்ணாடி

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது நம் நாட்டுப் பழமொழி. அதைச் சொன்னவன் யாரோ, எவனோ. ஆனால் நிச்சயமாகச் சிந்தித்தவன்! மஞ்சள் மல்லிகையில் இல்லை, பாலில் இல்லை, பார்ப்பவன் கண்ணிலே இருக்கிறது என்று கண்டு சொன்னானே, அவன் சாமானியனா? ஆயினும் காமாலைக்காரனின் துன்பம் கண் மஞ்சளானதோடு முடிவதில்லை. தன் கண் மஞ்சள் என்பதையே அவன் அறியாதிருப்பதுதான் பெருந்துன்பம். அறிந்தவன் தனக்கு மருந்து தேடுவான். அறியாதவனோ ஊருக்கு மருந்து கொடுக்கக் கிளம்பிவிடுவான்!

தெரிந்தே நிறக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கும் வேலையும் உலகில் உண்டு. எந்தக் கண்ணாடி, எதைத் தடுக்கிறது, எதை விடுகிறது என்று கணக்கெழுதி வைத்துக்கொண்டு பார்க்கும் வேலை அது. சில ஆண்டுகளாக அந்த வேலையை நான் என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் செய்து வருகிறேன். துவைக்கும் கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே, எட்டு அங்குல ஆடி பொருத்திய தொலைநோக்கி ஒன்றை நிறுத்தி, வானத்துக் கோள்களை நிழற்படம் எடுக்கிறேன். பொழுதுபோக்கு என்பார் சிலர். பைத்தியம் என்பார் பலர். நான் எடுத்த படங்களில் என் குடும்பத்தையே உலுக்கிவிட்டவை செவ்வாயின் படங்கள். அவற்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், தோழர்களே!

செவ்வாய் ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை நமக்கு அருகில் வரும். சூரியனைச் சுற்றிவர நமக்கு 365 நாள். அதற்கு 687 நாள். உள்வட்டத்தில் விரையும் பூமி, வெளிவட்டத்தில் மெல்லச் செல்லும் செவ்வாயை எட்டிப் பிடித்து முந்திச் செல்லும் காலமே அந்த நெருக்கம். 2025 ஜனவரி 12 அன்று அது பூமிக்கு 9 கோடியே 61 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஜனவரி 16 அன்று சூரியனுக்கு நேர் எதிரே நின்றது. அன்று காணும் பொங்கல்! மக்கள் ஆற்றங்கரையையும் கடற்கரையையும் காணப் போனார்கள்; நான் செவ்வாயைக் காணக் கொல்லைக்குப் போனேன். போகிப் புகை அடங்கி, மார்கழிப் பனி விலகி, வானம் கழுவிவிட்டாற் போலிருந்தது. காஸ்டர், போலக்ஸ் என்னும் இரு விண்மீன்களுக்கு அருகே, நள்ளிரவில் ஏறக்குறைய தலைக்கு மேலே, குங்குமப் பொட்டென நின்றது அக்கோள்.

நெருக்கம் என்றேன். அந்த நெருக்கத்தின் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ரூபாய் நாணயத்தை 300 மீட்டருக்கு அப்பால் ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால் எவ்வளவு தெரியும்? அவ்வளவுதான் அன்று செவ்வாய். அதன் குறுக்களவு 6,780 கிலோமீட்டர். ஆயின் என் படக்கருவியின் தட்டில் அது விழுந்த வட்டம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு! அதற்குள்தான் மலையும் பள்ளமும் பனியும் முகிலும் அடங்கவேண்டும்.

நம் தலைக்கு மேலுள்ள காற்று ஓயாது அலைகிறது. அடுப்பின் மேல் எழும் அனலுக்கு அப்பால் எதிர்ச்சுவர் நெளிவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே கோளும் நெளியும். ஆகவே ஒரே படம் எடுத்தால் பயனில்லை. ஒரு கண்ணாடிக்கு ஒன்றரை நிமிடம், நொடிக்கு நூறு படங்களாக ஒன்பதாயிரம் படங்கள் எடுக்கிறேன். கணினி அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து, காற்று கணநேரம் அடங்கியபோது விழுந்த தெளிவான தொள்ளாயிரத்தைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தருகிறது. பத்தில் ஒன்பதைத் தள்ளினால்தான் உண்மை ஒன்று கிடைக்கிறது.

என் படக்கருவிக்கு நிறம் தெரியாது. கறுப்பும் வெளுப்பும் மட்டுமே அது அறியும். அதன் முன்னே ஒரு சிறு சக்கரம். சக்கரத்தில் நான்கு கண்ணாடிகள். கடையில் 'ஃபில்டர்' என்று கேட்டால்தான் கிடைக்கும். ஒன்று அகச்சிவப்பு, ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம். நான்கிலும் நான் கண்டது ஒரே செவ்வாய். ஆனால் நான்கும் சொன்னவை வெவ்வேறு செய்திகள்.

முதலில் அகச்சிவப்பு. 685 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைகளை மட்டுமே அது விடும். நீண்ட அலையை நம் காற்றும் அதிகம் கலைப்பதில்லை, செவ்வாயின் மென்காற்றும் மறைப்பதில்லை. ஆதலின் தரை தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பருவத்தின் ஓர் இரவில் சிர்ட்டிஸ் மேஜர் என்னும் கருநிலம் நடுவில் வந்து நின்றது. வடக்கு கீழே வரும்படி வைத்துப் பார்த்தால், அது நம் இந்திய வரைபடத்தை ஒத்த முக்கோணம். 1659 நவம்பர் 28 அன்று டச்சு அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ் தம் தொலைநோக்கியில் கண்டு கையால் வரைந்து வைத்த அதே கறை! அது நகர்வதைக் கண்டுதான், செவ்வாய்க்கும் ஏறக்குறைய 24 மணி நேரத்தில் ஒரு நாள் உண்டு என்று அவர் உரைத்தார். இன்றைய கணக்கில் செவ்வாய் ஒருமுறை சுழல 24 மணி 37 நிமிடம். மூன்றரை நூற்றாண்டுக்கு முன் ஒருவர் கண்டதை, இன்று என் கொல்லையில் நானும் காண முடிகிறது. அவர் சொன்னதை நம்ப வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை, கண்டு கொள்ளலாம்!

இரண்டாவது சிவப்பு. கருநிலத்துக்கும் செந்நிலத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கும் எடுப்பாகத் தெரிந்தது. காரணம் எளியது. செந்நிலம் என்பது இரும்புத் துரு கலந்த தூசு. துரு சிவப்பொளியைத் தாராளமாகத் திருப்பி அனுப்பும். கருநிலம் எரிமலைப் பாறை. அது கஞ்சத்தனமாக அனுப்பும். செவ்வாயின் செம்மைக்குக் காரணம் குருதி அன்று, கோபம் அன்று, போர்வெறி அன்று. நம் வீட்டு இரும்புக் கதவு மழையில் நனைந்தால் என்ன நிறம் கொள்ளுமோ, அந்த நிறம்!

மூன்றாவது பச்சை. நிலத்தின் கறைகள் மங்கின. வடமுனையின் பனித்தொப்பி பளிச்சிட்டது. அது அங்கே இளவேனிற்காலம். உறைந்த நீரின் மேல், குளிர்காலத்தில் படிந்திருந்த உறைந்த கரியமில வாயு சிறுகச் சிறுக ஆவியாகிக்கொண்டிருந்த பருவம்.

நான்காவது நீலம். இதில்தான் வியப்பு! ஹைகன்ஸ் கண்ட கருநிலம் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. துரு நீல ஒளியை விழுங்கும். எரிமலைப் பாறையும் விழுங்கும். இரண்டும் ஒன்றுபோல் இருண்டால் வேறுபாடு எங்கே தெரியும்? ஆனால் அங்குள்ள முகில்கள் பனித்துகளால் ஆனவை. அவை நீலத்தையும் திருப்பி அனுப்பும். ஆகவே நிலம் மறைந்து, வானிலை வெளிப்பட்டது. கோளின் விளிம்பெங்கும் மெல்லிய வெண்மூட்டம். 2,300 கிலோமீட்டர் அகன்ற ஹெல்லாஸ் என்னும் பெரும்பள்ளம், பனிமூட்டத்தால் நிறைந்து தென்முனைத் தொப்பியோ என்று மயங்கும்படி வெளுத்திருந்தது. வேறோர் இரவில், ஏறக்குறைய 22 கிலோமீட்டர் உயர்ந்த ஒலிம்பஸ் எரிமலையின் மேல், பஞ்சுத் துளி போல் ஒரு முகில்!

இந்த வித்தை புதிதன்று. 1924-இல் செவ்வாய் மிக நெருங்கி வந்தபோது, கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் டபிள்யூ. எச். ரைட் என்பவர் ஊதா முதல் அகச்சிவப்பு வரை பல நிறங்களில் அதைப் படம் எடுத்தார். ஊதாவில் நிலம் தெரியவில்லை, அகச்சிவப்பில் தெரிந்தது. அது செவ்வாயின் காற்றால் விளைவதோ என்று ஆராய அவர் என்ன செய்தார்? ஆய்வகம் இருந்த ஹாமில்டன் மலையிலிருந்து கீழே தொலைவில் தெரியும் சான் ஹோசே நகரை அதே இரு நிறங்களில் எடுத்துப் பார்த்தார். ஊதாவில் நகரம் மூட்டத்தில் மறைந்தது, அகச்சிவப்பில் தெளிந்தது. வானத்தில் கண்ட புதிருக்குத் தரையில் சோதனை! இதுவன்றோ அறிவின் நேர்மை!

ஒன்றை இங்கே உணரவேண்டும். என் சக்கரத்திலுள்ள கண்ணாடி எதுவும் செவ்வாயில் இல்லாத ஒன்றைச் சேர்ப்பதில்லை. இருக்கும் ஒளியில் ஒரு பகுதியை விட்டு மறுபகுதியைத் தடுக்கிறது, அவ்வளவே. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒன்றுசேர்த்தால் இயற்கை நிறம் திரும்ப வந்துவிடும். 1861 மே 17 அன்று லண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இப்படித்தான் மூன்று நிறப் படங்களைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்று வீழ்த்தி, முதல் வண்ணப் படத்தைக் காட்டினார். தடுத்ததைத் தெரிந்து தடுத்தால், திரும்பச் சேர்க்கவும் தெரியும்.

இனி, நம் வீடுகளில் வழங்கும் இன்னொரு செவ்வாய்க்கு வருகிறேன். அந்தச் செவ்வாய்க்கு மலையில்லை, முகிலில்லை, பனியில்லை. அது கட்டத்துக்குள் 'செவ்' என்று எழுதப்பட்ட இரண்டெழுத்து. என் அண்ணன் மகளின் வாழ்வில் ஆறாண்டுகள் அந்த இரண்டெழுத்து குறுக்கே நின்றது.

அவள் கணித ஆசிரியை. முப்பது வயது நிறைந்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் படிப்பைப் பாராட்டினார்கள், பண்பைப் பாராட்டினார்கள், காப்பியையும் பாராட்டினார்கள். சாதகத்தைக் கேட்டார்கள், சத்தமின்றி எழுந்து போனார்கள். செவ்வாய் தோஷமாம்! எட்டாம் இடத்தில் செவ்வாயாம்! கணவனுக்கு ஆகாதாம்! வைத்தீசுவரன் கோயில் செவ்வாய்க்குரிய தலம் என்று கருதி, நாங்கள் வாழும் பகுதியில் செவ்வாய்க்கிழமைதோறும் பெண்ணைப் பெற்றவர்கள் பேருந்தில் நிறைந்து செல்வதைக் காண்கிறேன். அண்ணியும் சென்றுவந்தார், ஆறாண்டுகள். மூன்று சோதிடரிடம் சாதகம் காட்டினார். ஒருவர் கடும் தோஷம் என்றார்; ஒருவர் பாதி தோஷம் என்றார்; ஒருவர் நிவர்த்தி ஆகிவிட்டது என்றார். ஒரே கட்டம், மூன்று செவ்வாய்!

அந்தச் சனவரி இரவுகளில் அவளே எனக்குத் துணை நின்றாள். சக்கரத்தைத் திருப்புவதும், நேரம், கண்ணாடி, படங்களின் எண்ணிக்கை மூன்றையும் குறிப்பேட்டில் எழுதுவதும் அவள் வேலை. ஓரிரவு, படங்கள் கணினியில் அடுங்கிக்கொண்டிருக்கையில், அதே குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஏதோ கணக்குப் போட்டாள்.

"சித்தப்பா! பன்னிரண்டு கட்டத்தில் 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்தில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். அப்படியானால் பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்குத் தோஷம், இல்லையா?"

"ஆமாம்மா."

"லக்கினத்திலிருந்து மட்டுமல்ல, சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ண வேண்டுமாம். மூன்றையும் தனித்தனியாகக் கொண்டால், மூன்றிலும் தப்புகிறவர்கள் 1,728 பேரில் 343 பேர்தான். ஐந்து பேரில் ஒருவர்! மற்ற நான்கு பேரும் தோஷக்காரர்கள். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு விதவைகளும் மனைவியை இழந்தவர்களுமாக அல்லவா இருக்க வேண்டும்?"

நான் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன், தோழர்களே! அந்த ஒரு பக்கக் கணக்குக்கு ஈடான பேச்சு என்னிடம் இல்லை. அவள் மேலும் சொன்னாள். செவ்வாய் ஒரு ராசியில் வழக்கமாக ஒன்றரை மாதம் அளவுக்குத் தங்குகிறது. லக்கினமோ இரண்டு மணிக்கொருமுறை மாறுகிறது. ஒரே மருத்துவமனையில், ஒரே நாளில், வானத்தில் செவ்வாய் அசையாமல் ஒரே ராசியில் இருக்கையில், காலைக் குழந்தைக்குத் தோஷம். நண்பகல் குழந்தைக்கு இல்லை. ஆக, குற்றம் செவ்வாயினுடையதா, கடிகாரத்தினுடையதா?

அந்தத் தை மாதத்தில் ஒரு வரன் வந்தது. நல்ல வேலை, நல்ல குடும்பம். பெண்ணைப் பிடித்துவிட்டது. தோஷத்துக்கும் அவர்களே வழி சொன்னார்கள்: முதலில் வாழை மரத்துக்குத் தாலி கட்டச் சொல்லி அதை வெட்டிவிட்டால், தோஷம் மரத்தோடு போய்விடும், பிறகு திருமணம். அண்ணி அழுதார். "ஒரு நாள் காரியந்தானே, கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடேன்" என்று மன்றாடினார். அவள் அமைதியாகச் சொன்னாள்: "செய்தால், நான் ஒருவரைக் கொல்லப் பிறந்தவள் என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும். அதை மட்டும் செய்ய மாட்டேன், அம்மா."

வரன் போயிற்று. அண்ணி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. கொல்லையிலிருந்த தொலைநோக்கியைக் கடந்து கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மீது எனக்குச் சினம் இல்லை. மகள் தனித்து நின்றுவிடுவாளோ என்று நடுங்கும் தாயின் அச்சம், ஏளனத்துக்குரியதன்று. அச்சத்தை விற்றுப் பிழைப்பவன்மீதே நம் சினம் பாய வேண்டும், அச்சப்படுபவர்மீது அன்று.

பங்குனியில் ஒரு மாலை அவரே வந்து நின்றார். "அந்தச் செவ்வாயைக் காட்டுங்கள், தம்பி" என்றார். கோள் அதற்குள் விலகிச் சென்று வெகுவாகச் சுருங்கியிருந்தது. ஆயினும் காட்டினேன். நெடுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "இத்துணூண்டு!" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் கோயில் பேருந்துக்குப் போகவில்லை. அதற்குப் பொருள் என்னவென்று நான் கேட்கவுமில்லை.

'அறிவியலார் மட்டும் ஏமாந்ததே இல்லையோ?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஏமாந்தார்கள், நன்றாகவே ஏமாந்தார்கள்! 1877-இல் இத்தாலியின் சியாபரெல்லி செவ்வாயில் நேர்கோடுகளைக் கண்டதாக வரைந்தார். அமெரிக்கச் செல்வர் பெர்சிவல் லோவெல், 1894-இல் தம் சொந்தப் பணத்தில் ஆய்வகம் எழுப்பி, அவை அறிவுடை உயிர்கள் வெட்டிய வாய்க்கால்கள் என்றே நூல்கள் எழுதினார். உலகம் நம்பியது. ஆனால் 1909-இல் பாரிசை அடுத்த மூடோன் ஆய்வகத்தில், ஐரோப்பாவின் மிகப் பெரிய லென்ஸ் தொலைநோக்கியில் பார்த்த அந்தோனியாடி, கோடுகள் இல்லை, சிதறிய கறைகளே உள்ளன என்றார். 1965 ஜூலையில் மரைனர்-4 விண்கலம் அருகே சென்று எடுத்தனுப்பிய படங்களில் வாய்க்கால் இல்லை, வட்டப் பள்ளங்களே இருந்தன. லோவெல்லின் வாய்க்கால் வறண்டது!

ஆம், கண் ஏமாற்றும். கற்றவன் கண்ணும் ஏமாற்றும். ஆனால் அங்கே ஒருவன் கண்டதை மற்றவன் சோதிக்கலாம், பொய்யென்று காட்டலாம், காட்டினால் ஏடு திருத்தப்படும். லோவெல்லை மறுத்தவனைப் பார்த்து, 'உன் குலம் விளங்காது' என்று எவரும் சபிக்கவில்லை. சாதகக் கட்டத்தில் திருத்தம் உண்டா? ஆறாண்டுகள் ஒரு பெண்ணின் தலைமேல் சுமத்திய பழியை, 'கணக்குத் தவறிவிட்டது' என்று எந்தக் கட்டமாவது திரும்பப் பெற்றதுண்டா?

இன்னொன்று. செவ்வாய்க்கிழமை தொடங்கிய காரியம் வெறுவாயாகும் என்பர் நம் வீட்டுப் பெரியவர்கள். இந்தியா செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய மங்கள்யான், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நாள் 2013 நவம்பர் 5. அன்று செவ்வாய்க்கிழமை! 2014 செப்டம்பர் 24 அன்று, முதல் முயற்சியிலேயே அது செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. ஆறு மாதம் உழைக்க வேண்டுமென்று அமைத்த கலம், ஏறத்தாழ எட்டாண்டுகள் உழைத்து, 2022-இல் தொடர்பிழந்தது. அத்திட்டத்தின் 'புரோகிராம் டைரக்டராக' இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை.  செவ்வாய்க்குப் போக வேண்டியவன் பார்க்க வேண்டியது பஞ்சாங்கத்தின் பலன் பகுதியை அன்று, பாதையின் கணக்கை!

இளைஞர்களே! தொலைநோக்கி எல்லார்க்கும் வாய்க்காது. வாய்க்க வேண்டிய தேவையும் இல்லை. 2027 பிப்ரவரி 19 செவ்வாய் மீண்டும் சூரியனுக்கு எதிரே நிற்கும் நாள். 2035 செப்டம்பரில் அது 5 கோடியே 70 இலட்சம் கிலோமீட்டர் அளவுக்கு மிக நெருங்கும். வெறுங்கண்ணே போதும். வாரம் ஒருமுறை, அருகிலுள்ள விண்மீன்களோடு அதன் இடத்தைக் குறித்து வாருங்கள். கிழக்கே சென்றது நிற்கும், மேற்கே திரும்பும், மீண்டும் கிழக்கே செல்லும். சோதிடர் 'வக்கிரம்' என்று அச்சுறுத்துவது இதைத்தான். நாம் ஏறிய பேருந்து மாட்டுவண்டியை முந்தும்போது, வண்டி பின்னே போவதுபோல் தெரிகிறதே, அந்த வக்கிரம்தான் இந்த வக்கிரம்!

குறித்த தாளை வீட்டிலுள்ளோருக்குக் காட்டுங்கள். வாதாடி வெல்ல முயலாதீர்கள், காட்டுங்கள். எவரேனும் ஒருவர் வந்து, உங்கள் தங்கையின் தலையெழுத்தை வானத்தில் படித்துவிட்டதாகச் சொன்னால், பணிவோடு ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'ஐயா, எந்தக் கண்ணாடியில் பார்த்தீர்கள்? அதை எங்களிடமும் கொடுங்கள், நாங்களும் பார்க்கிறோம்.' கொடுப்பவன் ஆசிரியன். மறைப்பவன் வியாபாரி.